எந்தப் பேட்டையில் அறை எடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் என் தாயாரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். அறுபத்தெட்டு வயது வரை அவர் கடலைக் கண்டதில்லை. கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது, மயிலாப்பூர்க் கோயில், எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள், பேத்திக்காகக் கோளரங்கம் ஆகியவற்றைச் சனி, ஞாயிறு ஆகிய இரண்டே நாட்களில் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். நான்கு பேர் போகிறோம், செலவு கூடக்கூடாது என்று தாம்பரத்தில் ஓர் அறை எடுத்தேன். எழும்பூரில் கேட்ட வாடகையைவிட நாளொன்றுக்கு 600 ரூபாய் குறைவு. தென்மாவட்ட ரயில்கள் பலவும் தாம்பரத்தில் நிற்கின்றன. இறங்கியதும் அறை என்று மகிழ்ந்தேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அருங்காட்சியகத்தின் ஒரு பெஞ்சில் அமர்ந்தபடி அம்மா, "போதும்ப்பா, ரூமுக்கே போயிடலாம். முட்டி தாங்கலை" என்றார். நடுப்பகலில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். ஆனால் அறையோ 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கடற்கரைக்குப் போகவில்லை. மறுநாள் இரவு ரயிலேறும் வரையிலும் போக முடியவில்லை.

பத்து ஆண்டுகளாக வகுப்பில் சமநிலை பற்றியும் நிலையாற்றல் பற்றியும் பாடம் நடத்துகிற ஒருவன், தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றில் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கையிருப்பு எவ்வளவு?

முதலில் நம்மிடம் உள்ள நேரம் எவ்வளவு என்று பார்ப்போம். சனிக்கிழமை காலை 6 மணிக்கு வந்து சேர்ந்து, ஞாயிறு இரவு 8 மணிக்கு நிலையத்துக்குத் திரும்புகிறோம் என்று கொள்வோம். மொத்தம் 38 மணி நேரம். உறக்கத்துக்கு 8 மணி போக 30. குளியல், உணவு, உடை மாற்றுதல், பெட்டி கட்டுதல் ஆகியவற்றுக்கு இரண்டு நாட்களிலும் சேர்ந்து 8 மணி என்றால் எஞ்சுவது 22 மணி நேரம். பயணமும் பார்வையும் இந்த 22 மணிக்குள்தான் அடங்க வேண்டும். ஒரு மாதம் தங்குபவருக்கு அரை மணி வீணானால் பெரிய இழப்பில்லை. இரண்டு நாள் விருந்தினருக்கு அப்படியன்று.

ஆகவே கேள்வி இதுதான்: பார்க்க வேண்டிய இடங்கள் தெரியும், ரயில் நிலையம் தெரியும். இவற்றுக்கு நடுவே எந்தப் புள்ளியில் தங்கினால் மொத்தப் பயணம் மிகக் குறைவாக இருக்கும்?

நடுப்புள்ளி என்னும் மயக்கம்

"எல்லாவற்றுக்கும் நடுவில் தங்கு" என்பதுதான் எவரும் உடனே சொல்லும் விடை. ஆனால் நடு என்பது எது? இயற்பியல் மாணவருக்கு உடனே ஈர்ப்பு மையம் நினைவுக்கு வரும். அது இங்கே தவறான விடையைத் தரும் என்றால் வியப்பாக இருக்கும்.

கடற்கரையோரமாக வடக்கிலிருந்து தெற்காக ஒரு நேர்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புனித ஜார்ஜ் கோட்டை 0 கி.மீ. என்போம். திருவல்லிக்கேணி 3, மயிலாப்பூர் 6, மாமல்லபுரம் 55. (எளிமைக்காக முழு எண்களாக்கியிருக்கிறேன்.) இந்நான்கின் சராசரி 64-ஐ நான்கால் வகுக்க 16. அதாவது நீலாங்கரைப் பக்கம். அங்கே அறை எடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே போனால், ஒருவழித் தொலைவுகளின் கூடுதல் 16+13+10+39, அதாவது 78 கி.மீ. திருவல்லிக்கேணியில் எடுத்தாலோ 3+0+3+52, வெறும் 58 கி.மீ. தான். மயிலாப்பூரில் எடுத்தாலும் அதே 58.

ஏன் இப்படி? நீலாங்கரையிலிருந்து வடக்கே ஒரு கிலோமீட்டர் நகர்வோம். மாமல்லபுரம் ஒரு கிலோமீட்டர் விலகிப் போகிறது. மற்ற மூன்றும் ஒவ்வொரு கிலோமீட்டர் நெருங்கி வருகின்றன. ஆக, நிகர ஆதாயம் இரண்டு கிலோமீட்டர். இவ்வாறு ஒரு பக்கம் இருக்கும் இடங்களின் எண்ணிக்கையும் மறுபக்கம் இருக்கும் எண்ணிக்கையும் சமமாகும் வரை நகரலாம். இங்கே எவ்வளவு தொலைவு என்பதற்கு மதிப்பில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வாக்குதான். மாமல்லபுரம் 55 கிலோமீட்டரில் இருந்தாலும் 500 கிலோமீட்டரில் இருந்தாலும் அதற்கு ஒரே வாக்கு. புள்ளியியலில் இதனை இடைநிலை என்பர். சராசரியோ, தொலைவில் உள்ள ஒரே ஓர் இடத்துக்கு அஞ்சி அதன் பக்கமாக ஓடிவிடுகிறது. எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் ஓர் இடத்துக்காக நகரத்துக்கு வெளியே அறை எடுப்போர் செய்யும் பிழை இதுவே.

நூல், முடிச்சு, எடை

இடங்கள் நேர்கோட்டில் இல்லாமல் பரப்பில் சிதறிக் கிடந்தால்? இதற்கு அழகான ஓர் எந்திரம் உண்டு. பிரெஞ்சு அறிஞர் பியேர் வாரிஞோன் (1654–1722) பெயரால் அது வழங்குகிறது. வீட்டிலேயே செய்யலாம்.

தடித்த அட்டை ஒன்றில் நகரத்தின் படத்தை ஒட்டுங்கள். போக வேண்டிய இடங்களில் எல்லாம் துளையிடுங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு நூலைச் செலுத்தி, மேலே எல்லா நூல்களின் நுனிகளையும் ஒரே முடிச்சாகப் போடுங்கள். கீழே தொங்கும் நுனிகளில் சம எடைகளைக் கட்டுங்கள். அட்டையைக் கிடைமட்டமாகப் பிடித்து முடிச்சை விட்டுவிட்டால், அது இப்படியும் அப்படியும் நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கேதான் அறை.

காரணம் எளிது. எடைகளால் இயன்ற அளவு கீழே இறங்குவதே, அதாவது நிலையாற்றல் மிகக் குறைவதே, சமநிலை. எடைகள் கீழே இறங்க வேண்டுமானால் அட்டையின் மேலே உள்ள நூலின் மொத்த நீளம் குறைய வேண்டும். அந்த மொத்த நீளம்தான் முடிச்சிலிருந்து எல்லா இடங்களுக்கும் உள்ள தொலைவுகளின் கூடுதல். நாம் பக்கம் பக்கமாகப் போட வேண்டிய கணக்கைப் புவியீர்ப்பு ஒரு நொடியில் போட்டுவிடுகிறது! (துளையின் ஓரம் சொரசொரப்பாக இருந்தால் உராய்வு முடிச்சைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும். ஓரத்தில் சிறிது மெழுகு தடவி, அட்டையை விரலால் தட்டிக்கொண்டே இருங்கள்.)

மூன்று இடங்கள், சம எடைகள் என்றால், நூல்கள் ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில் நிற்பதைக் காணலாம். மூன்று சம விசைகள் சமநிலையில் இருக்க வேறு வழியில்லை அல்லவா? பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா விடுத்த இந்தப் புதிருக்கு டாரிசெல்லி விடை கண்டார். பாதரசப் பாரமானியின் அதே டாரிசெல்லிதான். 1909-இல் ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியப் பொருளியலறிஞர், ஆலையை எங்கே அமைப்பது என்ற கேள்விக்கு இதே நூல்களைக் கையாண்டார்.

இப்போது ஒரே ஒரு நூலில் மட்டும் எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். முடிச்சு அந்தத் துளையை நோக்கி நகரும். அந்த ஓர் எடை மற்ற எல்லா எடைகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாகும் நிலையில் முடிச்சு துளைக்கே வந்துவிடும். அதற்கு மேல் மற்ற இடங்கள் எங்கே இருந்தாலும் அது அசையாது. எடை என்பது இங்கே எத்தனை முறை போகிறோம் என்பதைக் குறிக்கும். ஆகவே உங்கள் பயணங்களில் பாதியோ அதற்கு மேலோ ஒரே இடத்துக்கு என்றால், யோசிக்கவே வேண்டாம், அந்த இடத்தின் வாசலிலேயே தங்குங்கள். மருத்துவமனையில் நோயாளியை வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று வேளை போய்வருபவருக்கு வேறு கணக்கு கிடையாது. மதுரைக்குப் போய்க் காலையும் மாலையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் செல்பவருக்கும் அப்படியே. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் விடுதிகள் நெருங்கி நிற்பது தற்செயலன்று. ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் கோயில்.

எந்தப் பயணங்களை எண்ணுவது?

இங்கே நான் முதலில் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் இடத்துக்கும் அறையிலிருந்து போய் அறைக்கே திரும்புவதாகக் கணக்கிட்டேன். உண்மையில் நாம் அப்படிச் சுற்றுவதில்லை. காலையில் கிளம்பி ஓரிடம், அங்கிருந்து இன்னோரிடம், பிறகு அறை. அருங்காட்சியகத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் நேரம், நான் தாம்பரத்தில் தங்கினாலும் திருவல்லிக்கேணியில் தங்கினாலும் ஒன்றேதான். அதை எண்ணிக்கையில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒப்பீடு மாறாது.

ஆகவே நூல் கட்ட வேண்டியது அறையைத் தொடும் பயணங்களுக்கு மட்டுமே. காலையில் முதலில் போகும் இடம், இரவில் கடைசியாகத் திரும்பும் இடம், நிலையத்திலிருந்து வருதல், நிலையத்துக்குப் போதல், நடுவில் ஓய்வுக்குத் திரும்புவதானால் அந்தப் போக்குவரத்து. பட்டியலில் பத்து இடங்கள் இருந்தாலும் துளைகள் நான்கைந்தே. இது தெரிந்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. எந்த இடத்தைக் காலையிலும் எதை இரவிலும் வைத்துக்கொள்கிறோம் என்பதும் நம் கையில்தானே இருக்கிறது!

கிலோமீட்டர் அன்று, நிமிடம்

இதுவரை தொலைவைப் பற்றிப் பேசினோம். நமக்கு உண்மையில் செலவாவது நேரம். 1881-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர் ஓர் உலகப் படம் வரைந்தார். இலண்டனிலிருந்து எத்தனை நாள் பயணத்தில் எந்த இடத்தை அடையலாம் என்பதை வண்ணங்களால் காட்டிய படம் அது. கடலும் மலையும் பாதையும் சேர்ந்து வட்டங்களைக் கோணல்மாணலாக்கிவிட்டதை அதில் காணலாம். இத்தகைய கோடுகளைச் சமகாலக் கோடுகள் எனலாம்.

சென்னைக்கு அப்படி ஒரு படம் வரைந்தால் அது விரல்கள் நீட்டிய கையைப் போல இருக்கும். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்த வழியில் ஒரு நீண்ட விரல். கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் இன்னொரு விரல். 2015-இல் தொடங்கிய மெட்ரோ மேலும் சில விரல்களைச் சேர்த்தது. விரல்களுக்கு இடையே உள்ள பேட்டைகள் படத்தில் அருகில் தெரியும், ஆனால் கடிகாரத்தில் தொலைவில் இருக்கும். கூவமும் அடையாறும் வேறு குறுக்கே ஓடுகின்றன. பாலம் இருக்கும் இடத்தில்தான் தாண்ட முடியும்.

ரயில் பயணம் என்றாலும் ரயிலில் உட்காரும் நேரம் மட்டுமே பயணமன்று. தாம்பரத்தில் என் அறையிலிருந்து நிலையத்துக்கு நடை 12 நிமிடம். சீட்டு வாங்கி வண்டிக்குக் காத்திருக்க 10. எழும்பூருக்கு முக்கால் மணி. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு நடை 13. மொத்தம் 80. "எழும்பூருக்கு முக்கால் மணிதான்" என்று விடுதிக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மீதி 35 நிமிடத்தை அவர் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

காத்திருக்கும் நேரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்போம் என்று நினைக்கிறோம். பஸ்கள் கடிகாரம் போல வந்தால் அது சரி. நெரிசலில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சோடியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளி 5 நிமிடம், பிறகு 25 நிமிடம், மறுபடி 5, மறுபடி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி இடைவெளி அதே 15 தான். ஆனால் 30 நிமிடத்தில் 25 நிமிடம் நீண்ட இடைவெளிக்குச் சொந்தம். ஆகவே நாம் நிறுத்தத்துக்கு வந்து சேரும் கணம் நீண்ட இடைவெளியில் விழும் வாய்ப்பு ஆறில் ஐந்து. அப்போது சராசரிக் காத்திருப்பு 12½ நிமிடம். குறுகிய இடைவெளியில் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று, காத்திருப்பு 2½ நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 11 நிமிடம் வருகிறது. "நான் போகும்போது மட்டும் பஸ் வருவதில்லை" என்று புலம்புவோர் சொல்வதில் கணிதம் இருக்கிறது! வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் இந்தக் காத்திருப்பு மீண்டும் சேரும். ஆதலால் இரண்டு வண்டி மாறி 8 கி.மீ. போவதைவிட ஒரே வண்டியில் 12 கி.மீ. போவது பல வேளைகளில் விரைவானது.

நடை மட்டுமே நம்பகமானது. நல்ல கால்களுக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர், என் தாயாருக்கு 50 மீட்டர். மெதுவாக இருந்தாலும் அது மாறுவதில்லை. தேர்வு எழுதவோ நேர்காணலுக்கோ நகரத்துக்கு வரும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சராசரி நேரம் முக்கியமன்று, மிகக் கெட்ட நாளில் எவ்வளவு ஆகும் என்பதே முக்கியம். சராசரி 40 நிமிடமாக இருக்கும் பஸ் பயணம் ஒரு நாள் 80 நிமிடமாகலாம். அன்றுதான் தேர்வு என்றால் ஓராண்டு போயிற்று. இருநூறு முந்நூறு ரூபாய் கூடினாலும், கட்டுப்படியானால் தேர்வு மையத்துக்கு நடந்து போகும் தொலைவில்தான் இரவு தங்க வேண்டும்.

சென்னைக் கணக்கு

இனி என் கணக்குக்கு வருவோம். மூன்று பேட்டைகளை எடுத்துக்கொண்டேன். அறையிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒருவழிக்கு ஆகும் நேரம், தோராயமாக நிமிடங்களில்:

தாம்பரம்: நிலையம் 10, அருங்காட்சியகம் 80, கடற்கரை 95, மயிலாப்பூர் 90, கோளரங்கம் 65.
எழும்பூர்: நிலையம் 10, அருங்காட்சியகம் 15, கடற்கரை 30, மயிலாப்பூர் 35, கோளரங்கம் 45.
திருவல்லிக்கேணி: நிலையம் 25, அருங்காட்சியகம் 30, கடற்கரை 15, மயிலாப்பூர் 25, கோளரங்கம் 40.

(தாம்பரத்தில் தங்கினால் ரயிலும் தாம்பரத்திலேயே. மற்ற இரண்டுக்கும் எழும்பூர் நிலையம்.)

சனிக்கிழமை காலை அருங்காட்சியகம், மாலை கடற்கரை. ஞாயிறு காலை மயிலாப்பூர், பிறகு கோளரங்கம். நடுவில் அறைக்குத் திரும்பாமல் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அறையைத் தொடும் பயணங்கள் தாம்பரத்துக்கு 350 நிமிடம், எழும்பூருக்கு 145, திருவல்லிக்கேணிக்கு 160. தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் வேறுபாடு 205 நிமிடம். நான்கு பேருக்கு 820 நிமிடம், அதாவது 13 மணி 40 நிமிடம். நான் இரண்டு நாளில் மிச்சம் பிடித்தது 1,200 ரூபாய். வகுத்தால் ஆளுக்கு மணிக்கு 88 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலைக்கு எங்கள் விடுமுறையை விற்றிருக்கிறேன். சனிக்கிழமை மாலை அம்மா நடக்க முடியாமல் ஆட்டோவுக்குக் கொடுத்த தொகையைக் கழித்தால் இன்னும் குறைவு.

ஒவ்வோர் இடத்துக்கும் பிறகு அறைக்கு வந்து ஓய்வெடுப்பதானால் எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மொத்தம் 270 நிமிடம், நான்கரை மணி. தாம்பரத்தில் 680 நிமிடம், 11 மணி 20 நிமிடம். நம் கையிருப்பான 22 மணியில் பாதிக்கும் மேல் பயணத்திலேயே போய்விடும். அதாவது தாம்பரத்தில் நடுப்பகல் ஓய்வு என்பது செலவு கூடிய ஒன்றன்று, இயலாத ஒன்று. தாம்பரத்தைக் குறைசொல்லவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவை மட்டும் பார்க்க வருபவருக்கு அதுதான் சரியான பேட்டை. தென்மாவட்டப் பஸ்களும் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலேயே நின்றுவிடுவதால், பஸ்ஸில் வருவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அங்கிருந்து நகரின் மையம் ஏறத்தாழ 30 கி.மீ.

எழும்பூரும் திருவல்லிக்கேணியும் ஒரே மொத்தத்தைத் தந்தது எனக்கே வியப்பாக இருந்தது. யோசித்தால் வியப்பில்லை. ஒரு சார்பின் சிறும மதிப்புக்கு அருகில் வரைகோடு ஏறக்குறைய தட்டையாக இருக்கும். கிண்ணத்தின் அடியில் கோலியைக் கொஞ்சம் நகர்த்தினால் உயரம் அவ்வளவாக மாறாதது போல. ஆகவே மிகச் சரியான புள்ளியைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் போய் உட்காராமல் இருந்தால் போதும். அடிப்பகுதிக்குள் வந்த பிறகு வேறு காரணங்களைப் பார்க்கலாம்.

என்ன காரணங்கள்? ஒன்று, எல்லா நிமிடங்களும் ஒரே எடை உடையவையல்ல. காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் போகும் அரை மணி, சன்னலோரக் காட்சி. இரவு எட்டு மணிக்கு முட்டி வலியோடும் தூங்கி விழும் குழந்தையோடும் திரும்பும் அரை மணி, தண்டனை. இரவு திரும்பும் நூலில் இரட்டை எடையைத் தொங்கவிட வேண்டும். அப்படித் தொங்கவிட்டதும் எனக்கு முடிச்சு திருவல்லிக்கேணிப் பக்கம் சாய்ந்தது. விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கோ எழும்பூர்ப் பக்கம் சாயும். நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்தில் எத்தனை விடுதிகள் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்று, இரைச்சல். ஓயாது வண்டிகள் ஓடும் சாலை, ஒலிக்கு ஒரு நீண்ட கோட்டு மூலம். அதிலிருந்து விலகும் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 3 டெசிபல் குறையும். சாலையிலிருந்து 10 மீட்டரில் உள்ள அறைக்கும் 80 மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் அறைக்கும் மூன்று இரட்டிப்பு, 9 டெசிபல். காதுக்கு ஏறத்தாழ பாதி இரைச்சல் போலத் தோன்றும். நடுவில் ஒரு வரிசைக் கட்டடங்கள் மறைத்தால் இன்னும் குறையும். நடையில் கூடுவது ஒன்றரை நிமிடமே. ஆகவே பெரிய சாலை மேல் வேண்டாம், அதற்குப் பின்னால் இரண்டாவது தெரு. மேல்மாடி அறையையும் கோடையில் தவிர்ப்பது நல்லது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. நாம் படுக்கப் போகும் வேளையில்தான் அது முழுமூச்சாகக் கதிர்வீசும். கடலோரப் பேட்டைகளுக்கு மட்டும் ஓர் ஆறுதல். நிலம் சீக்கிரம் சூடேறுகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதில்லை. பிற்பகலில் எழும் கடற்காற்று முதலில் திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது.

உணவைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. காலை ஆறரைக்கு இட்லி கிடைக்காத தெருவில் அறை எடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

மறு ஆண்டு டிசம்பரில் மீண்டும் போனோம். திருவல்லிக்கேணியில், பெரிய தெருவிலிருந்து உள்ளே தள்ளி, முதல் மாடியில் ஓர் அறை. விறகுக் கட்டிலைப் போல் கட்டில்கள், ஆனால் சுத்தம். சனிக்கிழமை நடுப்பகல் அம்மா ஒன்றரை மணி நேரம் உறங்கினார். ஐந்து மணிக்குக் கடற்கரைக்கு மெதுவாக நடந்தோம். மணலில் உட்கார்ந்து, இருட்டும் வரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினார். "ஏம்ப்பா, சூரியன் அந்தப் பக்கந்தானே வரும்? இன்னொரு தடவை போயிட்டு வந்துடலாமா?" என்றார். நான் போட்ட கணக்கில் அந்தப் பயணம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பதினைந்து நிமிடம்.